ரேடியேட்டர் சூடாகவில்லையா? சூடு எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

வெந்நீரால் வீட்டைச் சூடாக்கும் அமைப்பு பார்வைக்குத்தான் சிக்கலானது. பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது, பம்ப் அதைக் குழாயில் தள்ளுகிறது, ரேடியேட்டர் சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு ஆறிய தண்ணீரைப் பாய்லருக்கே திருப்பி அனுப்புகிறது. அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சூடு எதுவரை வந்திருக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிட்டது? இதைப் பார்க்காமல் பாகங்களை மாற்ற ஆரம்பித்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்பைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, வீடு இன்னும் குளிர்கிறதே என்று நிற்க வேண்டியதுதான்.

கைவசம் ரேடியேட்டர் சாவி, டார்ச், பழைய துணி, சின்னக் கிண்ணம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டயர் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், சைக்கிள் பம்ப் இருந்தால் போதும். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. அதைப் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் மின்சாரப் பக்கம் போக வேண்டாம்.

எதையும் தொடும் முன் ஒன்று. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைப் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து, மீட்டர் பக்கத்து வால்வை மூட முடிந்தால் மூடிவிட்டு, வெளியே போய் அங்கிருந்து கேஸ் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். பர்னரின் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தளர்ந்து ஆடினாலோ, பாய்லரைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ அது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாக இருக்கலாம். பாய்லரை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். பர்னர், கேஸ் வால்வு, புகைக்குழாய் மூன்றும் உரிமம் பெற்ற ஆளின் வேலை. இந்தக் கட்டுரை முழுக்கத் தண்ணீர்ப் பக்கத்தைப் பற்றியது.

முதல் பார்வை பிரஷர் கேஜுக்கு

பாய்லர் ஆறியிருக்கும்போது, தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் இந்தக் கேஜ் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். பிஎஸ்ஐ என்ற இன்னோர் அழுத்த அளவின் கணக்கில் ஓடும் பாய்லர்களில் இரண்டு மாடி வீட்டுக்கு 12 பிஎஸ்ஐ என்பது வழக்கம். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக்கு நீங்களே கணக்குப் போடலாம். தண்ணீரை ஒரு மீட்டர் உயரம் ஏற்ற சுமார் 0.1 பார் வேண்டும். கேஜிலிருந்து மேலேயுள்ள கடைசி ரேடியேட்டரின் தலை வரை 6 மீட்டர் என்றால் 0.6 பார், உச்சியிலும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதால் இன்னும் 0.3 பார் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக 0.9. அதற்குக் கீழே போனால் மேல்மாடி ரேடியேட்டர்கள் முதலில் குளிரும். தண்ணீர் அங்கே ஏறுவதே இல்லை.

பிரஷர் குறைந்திருந்தால் நிரப்பும் வால்வைத் திறந்து தண்ணீர் ஏற்றலாம். பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, வால்வைக் கொஞ்சமாகத் திறங்கள். முள் 1.2க்கு வந்ததும் மூடுங்கள். இணைப்பில் இரண்டு வால்வு இருந்தால் இரண்டையும் மூட வேண்டும். கழற்றக்கூடிய ஹோஸ் என்றால் கழற்றி வையுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: தண்ணீர் வற்றிய நிலையில் எரிந்து சூடேறிய வார்ப்பிரும்பு பாய்லருக்குள் பச்சைத் தண்ணீரை விட்டால் வார்ப்பு வெடித்துப் பிளந்துவிடும். முழுக்க ஆறும்வரை காத்திருங்கள், அதற்குச் சில மணி நேரம் பிடித்தாலும் சரி.

கேஜையே நம்பிவிடவும் கூடாது. பழைய கேஜ்களின் துளை துருவால் அடைத்து, முள் ஒரே இடத்தில் நின்றுவிடும். பாய்லர் எரியும்போதும் ஆறும்போதும் முள் இம்மியும் நகரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது கேஜைத்தான்.

பரணில் சின்னத் தொட்டி வைத்த பழைய திறந்த வகை அமைப்புகளில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. அங்கே பார்க்க வேண்டியது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று. வருடக்கணக்கில் அசையாத மிதவை வால்வு ஒட்டிக்கொண்டு, தொட்டி வறண்டு, ‘மேல்மாடி மட்டும் சூடாகவில்லை’ என்று வந்து நிற்கும்.

கையை வைத்துப் பின்தொடருங்கள்

தெர்மோஸ்டாட்டை (அறையின் வெப்பத்தைப் பார்த்துப் பாய்லருக்கு உத்தரவு கொடுக்கும் கருவி) அறையின் வெப்பத்தைவிட 5 டிகிரி உயர்த்தி வைத்து, பாய்லருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பாய்லரிலிருந்து போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் தொட்டுப் பாருங்கள். 70, 80 டிகிரியில் ஓடும் குழாய் தோலைச் சுட்டுவிடும். விரல் நுனியால் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும்.

பாய்லர் எரியவே இல்லை என்றால் கோளாறு பாய்லரிலோ அதற்கு உத்தரவு கொடுக்கும் கம்பிகளிலோ இருக்கிறது. எரிகிறது, போகும் குழாய் முதல் ஒரு மீட்டர் மட்டும் கொதிக்கிறது, அதற்கு அப்பால் ஜில்லென்று இருக்கிறது, பாய்லர் சில நிமிடத்தில் அணைந்து அணைந்து எரிகிறது என்றால் தண்ணீர் ஓடவில்லை. பம்ப், வால்வு, காற்று அடைப்பு, இந்த மூன்றில் ஒன்று. போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டும் நல்ல சூடு, ஆனால் ஓர் அறை மட்டும் குளிர் என்றால் அந்த அறையின் ரேடியேட்டரைப் பாருங்கள். பாய்லர் பக்கம் போகவே வேண்டாம்.

இரு குழாய்க்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதும் பேசும். சாதாரண பாய்லரில் 10 முதல் 12 டிகிரி, கண்டென்சிங் வகையில் (புகையில் உள்ள நீராவியை நீராக்கி அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் பாய்லர்) 20 டிகிரி வரை இருக்கலாம். வித்தியாசம் 30ஐத் தாண்டினால் ஓட்டம் குறைவு. 3, 4 டிகிரிதான் என்றால் தண்ணீர் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது, அல்லது ரேடியேட்டர்களைத் தொடாமல் ஏதோ குறுக்குவழியில் திரும்பி வந்துவிடுகிறது.

பாய்லர் எரியவில்லை

தெர்மோஸ்டாட்டின் பேட்டரி, டைமர், பாய்லரின் சுவர் சுவிட்ச், அதன் ஃப்யூஸ். கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் ஆளைக் கூப்பிடும் முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். 24 வோல்ட் தெர்மோஸ்டாட் உள்ள வீடுகளில் அதன் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டுப் பாய்லர் எரிகிறதா என்று சோதிக்கலாம். எரிந்தால் குற்றவாளி தெர்மோஸ்டாட். 230 வோல்ட் ஓடும் தெர்மோஸ்டாட்டில் இதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து. எது என்று தெரியாவிட்டால் மூடியைக் கழற்றாதீர்கள்.

பிரஷர் குறைந்தால் எரிய மறுக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இன்றைய பாய்லர்களில் உண்டு. திரையில் கோட் காட்டினால் பாய்லரோடு வந்த புத்தகத்தில் அதைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் கோட் இன்னொன்றுக்குப் பொருந்தாது. ரீசெட் பட்டனை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை அழுத்தலாம். எண்ணெயில் எரியும் பாய்லரில் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ரீசெட்டுக்கும் எரியாத எண்ணெய் அறைக்குள் தேங்கும். கடைசியில் பற்றிக்கொள்ளும்போது மொத்தமும் சேர்ந்து பற்றும்.

கடுங்குளிர் இரவுக்குப் பிறகு காலையில் பாய்லர் கொடகொடவென்று சத்தம் போட்டு நின்றால், கண்டென்சிங் வகையாக இருந்தால், வீட்டுக்கு வெளியே போகும் வடிநீர்க் குழாய் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியே தெரியும் பிளாஸ்டிக் குழாய் அது. வளைவுகளிலும் முனையிலும்தான் பனி பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் மெல்ல ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், குழாய் விரிசல் விடும். இளகியதும் ரீசெட் செய்தால் பாய்லர் ஓடும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப உறைந்தால் குழாயைப் பெரிய விட்டத்துக்கு மாற்றி மேலே உறை போடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

பைலட் தீ (பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சின்னத் தீ) உள்ள பழைய பாய்லரில் பட்டனை விட்டதும் தீ அணைகிறது என்றால், தீ எரிகிறதா என்று உணரும் தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கலாம். நல்ல தெர்மோகப்பிள் சூடானால் 20 முதல் 30 மில்லிவோல்ட் தரும். பட்டனை 30 வினாடியாவது அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். அதற்குமுன் விட்டுவிட்டு ‘கெட்டுப்போச்சு’ என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

எரிகிறது, சூடு நகரவில்லை

பம்புக்குக் கரண்ட் வருகிறதா, பம்ப் சுழல்கிறதா, தண்ணீரைத் தள்ளுகிறதா என்பவை மூன்று வேறு கேள்விகள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்பின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் உள்ளே சுழலும் மெல்லிய சத்தம் கேட்கும். ரீங்காரம் மட்டும் கேட்டு, உடம்பு தொட முடியாத அளவு சூடாக இருந்தால் அச்சு இறுகிவிட்டது. கோடை முழுக்க ஓடாமல் கிடந்த பம்புக்கு இது சகஜம்.

இறுகிய அச்சை விடுவிக்க: மின்சாரத்தை முழுக்கத் துண்டியுங்கள். பம்பின் நடுவில் உள்ள பெரிய திருகைக் கழற்றுங்கள்; கீழே துணி வையுங்கள், கொஞ்சம் தண்ணீர் சொட்டும். உள்ளே அச்சின் தலையில் பள்ளம் தெரியும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து இரு பக்கமும் திருப்பி, தாராளமாகச் சுழலும்வரை ஆட்டுங்கள். திருகை மூடி, மின்சாரம் கொடுங்கள். புது எலக்ட்ரானிக் பம்புகளில் முன்பக்கத் திருகை அழுத்தித் திருப்பினாலே போதும், கழற்ற வேண்டியதில்லை. சுழற்றிய பிறகும் தானாகக் கிளம்பாத பழைய பம்பில், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போயிருக்கலாம்.

மோட்டாரும் பம்பும் தனித்தனியாக இருக்கும் கனமான பழைய வகையில் இரண்டையும் சேர்க்கும் ஸ்ப்ரிங் கப்ளர் உடையும். மோட்டார் கடகடவென ஓடும், தண்ணீர் அசையாது. கப்ளரை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கப்ளர் சும்மா உடையாது. மோட்டாரின் ரப்பர் மவுண்ட் தொய்ந்து அச்சு கோணியதால் உடைந்திருக்கும். மவுண்டையும் பார்க்காமல் விட்டால் புதுக் கப்ளருக்கும் அதே கதிதான்.

பம்ப் நன்றாக ஓடியும் வீட்டின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்தால், அந்தப் பகுதிக்குப் போகும் தண்ணீரை மோட்டாரால் திறந்து மூடும் ஜோன் வால்வைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் கையால் தள்ளும் சின்ன நெம்பு இருக்கும். தள்ளும்போது ஸ்ப்ரிங்கின் எதிர்ப்பு உணர்ந்தால் வால்வு மூடியிருக்கிறது. தொளதொளவென்று ஆடினால் மோட்டார் ஏற்கெனவே திறந்துவிட்டது. தெர்மோஸ்டாட் சூடு கேட்கும்போதும் நெம்பு இறுக்கமாக இருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது மோட்டார் போய்விட்டது. கையால் நெம்பைத் தள்ளித் திறந்த நிலையில் மாட்டிவிட்டால் ஆள் வரும்வரை வீடு சூடாக இருக்கும். வால்வு திறந்திருக்கிறது, ஆனால் பாய்லரோ பம்போ கிளம்பவில்லை என்றால் வால்வின் உள்ளே இருக்கும் எண்ட் ஸ்விட்ச்சைச் சந்தேகியுங்கள். வால்வு முழுக்கத் திறந்த பிறகு பாய்லருக்குச் செய்தி அனுப்புவது அதுதான். பல மாடல்களில் தலையை மட்டும் கழற்றி மாற்றலாம், தண்ணீரை வடிக்கத் தேவையில்லை.

கோடையில் குளியலுக்கு மட்டும் வெந்நீர் போடும்போது ரேடியேட்டரும் சூடாகிறதா? அதே வால்வு முழுக்க மூட மறுக்கிறது, அல்லது தண்ணீர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் செக் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு ரேடியேட்டர்

ரேடியேட்டரில் குளிர்ந்த இடம் எங்கே என்று தடவிப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். மேல் பகுதி குளிர், கீழே சூடு என்றால் உள்ளே காற்று. கீழே நடுவில் குளிர், ஓரங்களும் மேலும் சூடு என்றால் அடியில் துருச் சகதி. முழுக்கக் குளிர், ஆனால் பக்கத்து ரேடியேட்டர் கொதிக்கிறது என்றால் வால்வு.

காற்று எடுப்பதற்குச் சூட்டை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். பம்ப் ஓடும்போது காற்று எடுத்தால் சில இடங்களில் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழ்மாடியில், பாய்லருக்குப் பக்கத்தில் ஆரம்பித்து மேல்மாடிக் கடைசி வரை போங்கள். மேல் மூலையில் உள்ள சதுரத் திருகில் சாவியை மாட்டி, துணியைச் சுற்றிப் பிடித்து, கால் சுற்று மட்டும் இடப்பக்கம் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று வரும், பிறகு காற்றும் தண்ணீரும் சேர்ந்து துப்பும், கடைசியில் தண்ணீர் நூலாக ஒழுகும். அப்போது மூடுங்கள். திருகை முழுக்கக் கழற்றிவிட்டால் அது தெறித்து விழும், பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சும். கருப்புத் தண்ணீர் சுவரிலும் கம்பளத்திலும் பட்டால் கறை போகாது. எல்லாம் முடிந்ததும் கேஜைப் பாருங்கள், கட்டாயம் இறங்கியிருக்கும். 1.2க்கு ஏற்றுங்கள். இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு, ‘காற்று எடுத்ததும் பாய்லரே நின்றுபோச்சு’ என்கிறவர்கள் பலர்.

திறந்ததும் காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை என்றால் அமைப்பில் பிரஷரே இல்லை. மூடிவிட்டு முதலில் நிரப்புங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை எடுப்பது சரி. ஒவ்வொரு வாரமும் அதே ரேடியேட்டரில் வாயு சேர்ந்தால் அது வெளிக்காற்றாக இல்லாமலும் இருக்கலாம். இரும்பு துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜன் வெளிவரும், மேலே போய்த் தங்கும். அது எரியக்கூடியது, மெழுகுவத்தி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். கூடவே தண்ணீர் மை போலக் கருப்பாக வந்தால் துரு உறுதி.

வால்வுக்கு வருவோம். எண்கள் போட்ட தெர்மோஸ்டாட் தலை உள்ள ரேடியேட்டர் வால்வில், குளிர்காலத் தொடக்கத்தில் வரும் புகாரில் பெரும்பாலும் தலைக்குக் கீழே உள்ள ஊசி மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தலையை உச்ச எண்ணுக்குத் திருப்பி வைத்து, அதன் கழுத்து வளையத்தைத் தளர்த்தி எடுங்கள். நடுவில் ஓர் உலோக ஊசி தெரியும். ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் அதை அழுத்தினால் சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டதும் துள்ளி வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டு, திரும்பத் திரும்ப அழுத்துங்கள். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்துவிட்டால் அந்தத் துளை வழியே தண்ணீர் பீய்ச்சும், வீட்டில் யாராலும் நிறுத்த முடியாது. கோடையில் இந்தத் தலைகளை முழுக்கத் திறந்து வைத்தால் ஊசி மூடிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்து ஒட்டுவதைத் தடுக்கலாம்.

அடியில் சகதி தேங்கிய ரேடியேட்டருக்கு வெளியிலிருந்து வைத்தியம் கிடையாது. இரு பக்கமும் வால்வை மூடி, கழற்றி, வெளியே தூக்கிப்போய் ஹோஸ் தண்ணீரை வேகமாகச் செலுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கழுவ வேண்டும். ஒன்று மட்டும் இப்படி என்றால் செய்யலாம். வீடு முழுக்க இதே கதை என்றால் அமைப்பையே மருந்து போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அதோடு திரும்பும் குழாயில் துருவைப் பிடித்துவைக்கும் காந்த ஃபில்டர் பொருத்தச் சொல்லுங்கள்.

பாய்லருக்கு அருகில் கொதிக்கிறது, கடைசி அறையில் வெதுவெதுப்பு என்றால் பங்கீடு சரியில்லை. தண்ணீர் சுலபமான வழியில்தான் போகும். சரிசெய்ய, எல்லா ரேடியேட்டரையும் ஆறவிட்டு, இரண்டு பக்க வால்வையும் முழுக்கத் திறந்து, சூட்டைப் போட்டு, எது முதலில் சூடாகிறது, எது கடைசி என்று எழுதிக்கொள்ளுங்கள். முதலில் சூடானதன் லாக்ஷீல்டு வால்வை (பிளாஸ்டிக் தொப்பி போட்ட, கையால் திருப்ப முடியாத பக்கம்) முழுக்க மூடி, கால் சுற்று திறங்கள். அடுத்ததை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. கடைசியில் சூடாவதை முழுக்கத் திறந்தே விடுங்கள். குழாயில் மாட்டும் தெர்மாமீட்டர் இரண்டு இருந்தால், ஒவ்வொரு ரேடியேட்டரின் இரு பக்கக் குழாய்க்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாக வரும்வரை திருத்துங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் 20 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஒரு நாள் போய்விடும், அவசரப்பட்டால் இரண்டு நாள்.

கேஜ் முள் ஏறி இறங்கும் புதிர்

வீட்டுக்காரரைக் குழப்புவதில் இதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் முள் எப்போது நகர்கிறது என்று ஒரு நாள் கவனித்தால் காரணம் தானே வெளிப்படும்.

தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 3 சதவீதம் விரியும். 100 லிட்டர் தண்ணீர் உள்ள வீட்டில் அது 3 லிட்டர். அந்த 3 லிட்டர் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் எக்ஸ்பான்ஷன் டேங்க்: உள்ளே ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் அழுத்திவைத்த காற்று. காற்று கசிந்துபோனாலோ சவ்வு கிழிந்தாலோ விரிந்த தண்ணீருக்கு இடமில்லை. எரியத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் முள் விறுவிறுவென ஏறி 3 பாருக்குப் போகும், சேஃப்டி வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டும். (பிஎஸ்ஐ கணக்கில் ஓடும் பாய்லர்களில் இந்த வால்வு 30 பிஎஸ்ஐக்கே திறக்கும், அதாவது சுமார் 2 பார்.) ஆறியதும் போன தண்ணீருக்கு ஈடாக முள் பூஜ்யத்துக்கு இறங்கும். வீட்டுக்காரர் மறுபடி நிரப்புவார், மறுநாளும் அதேதான். சூட்டில் ஏறி, ஆறியதும் வீழ்ந்தால் இந்த டேங்க்தான்.

டேங்கில் டயர் டியூபில் உள்ளதுபோன்ற காற்று வால்வு இருக்கும். மூடியைக் கழற்றி ஊசியை ஒரு கணம் அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, டேங்கை மாற்ற வேண்டும். காற்று வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோ ஏற்றிப் பார்க்கலாம். பாய்லரை நிறுத்தி ஆறவிட்டு, வடிகால் வழியே தண்ணீர்ப் பக்க அழுத்தத்தைப் பூஜ்யமாக்குங்கள். தண்ணீர் அழுத்தம் இருக்கும்போது டயர் கேஜ் வைத்தால் அது காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தைத்தான், டேங்கின் அழுத்தத்தை இல்லை. இந்தத் தவறைத் தொழில்காரர்களே செய்கிறார்கள். வடிகாலைத் திறந்தே வைத்துக்கொண்டு சைக்கிள் பம்பால் காற்று ஏற்றுங்கள். டேங்கின் மேல் எழுதியிருக்கும் அளவு, பொதுவாக 0.8 முதல் 1 பார் அல்லது 12 பிஎஸ்ஐ. பிறகு வடிகாலை மூடி, தண்ணீரை 1.2க்கு நிரப்புங்கள். சில வாரத்தில் மறுபடி காற்று இறங்கினால் டேங்குக்கு வயதாகிவிட்டது.

சூடோ குளிரோ, முள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால் ஒழுக்கு. ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். இணைப்புகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சேஃப்டி வால்வின் குழாய் வெளிச்சுவரில் முடியும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி விட்டால், இரவில் அது சொட்டியதா என்று காலையில் தெரியும். ஒரு முறை திறந்த சேஃப்டி வால்வின் இருக்கையில் துகள் மாட்டிக்கொண்டால் அது முழுக்க மூடாது. அதை மாற்ற வேண்டும். அந்தக் குழாயை அடைப்பு போட்டு மூடுவது மட்டும் எந்த நாளும் கூடாது. பாய்லர் வெடிக்காமல் காப்பாற்றும் கடைசித் தடுப்பு அது.

எங்கும் ஈரம் இல்லை என்றால், இரவு பாய்லரின் கீழே உள்ள போகும், திரும்பும் வால்வுகள் இரண்டையும் மூடி, பாய்லரை நிறுத்தி வையுங்கள். காலையில் கேஜ் இறங்கியிருந்தால் ஒழுக்கு பாய்லருக்குள். இறங்காமல் நின்று, வால்வுகளைத் திறந்ததும் சட்டென விழுந்தால் வீட்டுக் குழாயில், பெரும்பாலும் தரைக்கு அடியில். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, தரையைத் தவறான இடத்தில் உடைப்பதைத் தவிர்க்கும்.

எதிர்ப்புதிராக, பாய்லர் ஆறியிருக்கும்போதும் முள் தானாக ஏறினால் எங்கிருந்தோ பச்சைத் தண்ணீர் உள்ளே வருகிறது. நிரப்பும் வால்வு சரியாக மூடவில்லை என்பது முதல் சந்தேகம். ஹோஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கழற்றிய பிறகும் ஏறினால் குளியல் வெந்நீரைச் சூடாக்கும் தகட்டிலோ சுருளிலோ ஓட்டை. குடிநீர்க் குழாயின் அழுத்தம் அதிகம் என்பதால் அது உள்ளே நுழைகிறது. இதற்கு ஆள்தான் வர வேண்டும்.

சத்தங்கள்

டிக் டிக்கென்று சூடாகும்போதும் ஆறும்போதும் வருவது குழாய் விரிந்து மரச்சட்டத்தில் உராய்வது; ஆபத்தில்லை, கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே ஃபெல்ட் வைத்தால் அடங்கும். களகளவென்றால் காற்று. வால்வு மூடும் கணத்தில் ‘டம்’ என்று அடித்தால் அந்த வால்வைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள். உடம்பில் உள்ள அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசையில் இருக்க வேண்டும். பாய்லருக்குள்ளிருந்து கெட்டில் கொதிப்பதுபோல உறுமல் வந்தால் கவனியுங்கள். வெப்பம் மாறும் பகுதியின் சுவரில் சுண்ணாம்பு படிந்து, அதற்கடியில் தண்ணீர் அந்தந்த இடத்திலேயே ஆவியாகிறது. பம்பின் வேகம் குறைந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால் முதலில் பம்பையும் ஃபில்டரையும் பார்த்துவிட்டுப் பிறகு மருந்துக் கழுவலுக்குப் போகலாம்.

தண்ணீரின் தரமும் செட்டிங்கும்

புதுத் தண்ணீர் ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஆக்சிஜனையும் சுண்ணாம்பையும் கொண்டுவரும். மூடிய அமைப்பில் இருக்கும் பழைய தண்ணீர் ஆக்சிஜனை இழந்து சாதுவாகிவிட்டது. அதை வடித்துப் புதிதாக நிரப்பினால் துருவுக்கு விருந்து வைத்த மாதிரி. மாதம் ஒரு முறைக்கு மேல் நிரப்ப வேண்டியிருந்தால் ஒழுக்கைத் தேடுங்கள், நிரப்புவதையே பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். வடித்து நிரப்பிய ஒவ்வொரு முறையும் துருத்தடுப்பு மருந்து போட வேண்டும், எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று பாட்டிலில் இருக்கும். அலுமினிய வெப்பமாற்றி உள்ள பாய்லர் என்றால் அதற்கு ஏற்ற மருந்துதானா என்று பார்த்து வாங்குங்கள். உறைதடுப்பு வேண்டுமென்றால் இதற்கென்றே விற்கும் புரொப்பிலின் கிளைக்கால் மட்டும். காருக்கு ஊற்றுவது நஞ்சு, வால்வு வாஷர்களுக்கும் ஒத்துவராது.

கண்டென்சிங் பாய்லர் சரியாக இயங்க, திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் புகையில் உள்ள நீராவி நீராகி, தன் வெப்பத்தையும் விட்டுப்போகும். போகும் தண்ணீரை 80ல் வைத்து ஓட்டுகிற வீடுகளில் அந்த லாபம் கிடைப்பதில்லை. மிதமான நாட்களில் 60க்கு இறக்கிப் பாருங்கள். ரேடியேட்டர் நெடுநேரம் வெதுவெதுப்பாக இருக்கும், அறையும் சூடாகும். சேமிப்புத் தொட்டியில் குளியல் வெந்நீர் வைத்திருந்தால் அதை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். லெஜியோனெல்லா கிருமி வளர்வது வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில்தான். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் குழாய் முனையில் கலப்பு வால்வு போட்டுச் சூட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் பார்த்து ஆளைக் கூப்பிடும் நிலை வந்தால், இவற்றைச் சொல்லுங்கள்: குளிர்ந்திருக்கும்போது கேஜ் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு, பாய்லர் எரிகிறதா, போகும் குழாயும் திரும்பும் குழாயும் எப்படி, எந்த அறைகள் குளிர், திரையில் எந்த கோட். பாய்லரின் மாடல் எண் முன்மூடியின் கீழே ஒட்டிய தகட்டில் இருக்கும். அதையும் படம் எடுத்து அனுப்பினால் தேவையான பாகத்தோடு வருவார்.